வேலியை மட்டும் விட்டு வைங்க: அழகர்மலை அடிவாரத்து ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அழகர்மலைச் சுத்துப்பட்டு ஊராட்சித் தலைவர் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தலைவர் இல்லாத ஊர்ல பொறுப்பைப் பார்க்கிற தனி அலுவலர் ஐயாமாருக்கும், வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

நான் மலைக்குக் கிழக்கால மேலூர் தாலுகாவுல ஒன்னரை ஏக்கர் வச்சிருக்கிற ஆளு. பகல்ல ஜெராக்ஸ் கடை, ராத்திரில விவசாயம். அதென்ன ராத்திரில விவசாயம்னு உங்ககிட்ட விளக்கவேண்டியதில்ல, த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்ப எந்திரிச்சுப் போய் மோட்டரைப் போட்டுட்டு வர்ற பொழப்பு தான் நம்ம எல்லாருக்கும். அப்படி ஒருநா ஒரு மணி வாக்குல டார்ச்சை அடிச்சுக்கிட்டு வரப்புல போறேன், கிளுவை மரத்தை நட்டு வளத்த உயிர்வேலி மேல ரெண்டு பீடி நெருப்பு பக்கத்துல பக்கத்துல தெரியுது. எவனோ வேலி மறைவுல உக்காந்து இழுக்கிறாய்ங்கன்னு நெனச்சு "யாருய்யா அது"ன்னு சத்தம் கொடுத்தேன். பதில் இல்ல. நெருப்பு அணையவும் இல்ல. கிட்ட போய்ப் பார்த்தா தேவாங்கு. ரெண்டு கையாலயும் கொப்பைப் புடிச்சுக்கிட்டு என்னையவே பார்த்துக்கிட்டு இருக்கு, நான் தான் தப்பா வந்துட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கப்பா கேட்ட மொத கேள்வி, "நேருக்கு நேரா பார்த்தியாடா?" அது மூஞ்சில முழிச்சா ஆகாதாம். அந்த வருசம் வெங்காயம் நல்ல விலைக்குப் போச்சுன்றதை அவர் கணக்குல எடுத்துக்கல, அது வேற.

அதுக்கப்புறம் நாலு வருசமா நான் அந்த வேலியைப் பார்த்துக்கிட்டு வர்றேன். டார்ச் கண்ணாடியில செவப்பு ஜிகினாப் பேப்பரை ஒட்டிக்கிட்டா அது அவ்வளவா மிரளாது, வெள்ளை லைட்டை அடிச்சா கண்ணு கூசி மூஞ்சியத் திருப்பிக்கும். பார்த்ததையும் படிச்சதையும் வச்சு உங்ககிட்ட ஒன்னே ஒன்னு தான் கேக்கப் போறேன், அதைத் தலைப்புலயே சொல்லிட்டேன். ஏன் கேக்குறேன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளமா எழுதுறேன், டீ குடிக்கிற நேரத்துல படிங்க.

நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கிற பையனைத் தேவாங்குன்னு வைவோம், திருதிருன்னு முழிச்சா தேவாங்கு மாதிரி முழிக்காதடான்னு சொல்லுவோம். வையத் தெரிஞ்ச அளவுக்கு அதைப் பத்தி வேற ஒன்னும் தெரிஞ்சுக்கல. கர்நாடகாவுல இதே உசுருக்கு காடு பாப்பான்னு பேரு வச்சிருக்காங்க. ஒரே உசுரு தான், அங்க பாப்பா, இங்க வசவு.

இது எலியும் இல்ல பூனையும் இல்ல, குரங்குக்கும் நமக்கும் தூரத்துச் சொந்தம், பங்காளி முறைன்னு வச்சுக்கங்களேன். வளந்ததே கால் கிலோ தான் வரும், ஒரு பெரிய மாம்பழத்து கனம். வால் கிடையாது. கை காலு குச்சி குச்சியா நீளமா இருக்கும். கையில ஆள்காட்டி விரல் பேருக்குத் தான், ரொம்பச் சின்னது, அதனால கட்டைவிரலும் மத்த விரலும் சேர்ந்து குறடு மாதிரி கொப்பைக் கவ்விக்கும். மணிக்கணக்கா ஒரே புடியில இருந்தாலும் கை ஓயாது, ஏன்னா கை காலுக்குப் போற ரத்தக்குழாய் ஒன்னா போகாம வலை மாதிரி பலதாப் பிரிஞ்சு ஓடுது. நாம பஸ்ல கம்பியைப் புடிச்சுக்கிட்டு மேலூர்ல இருந்து மாட்டுத்தாவணி வர்றதுக்குள்ள கை மரத்துப் போகுது.

இவ்வளவும் குடுத்த சாமி அதுக்கு ஒன்னைக் குடுக்கல. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. குரங்கு மாதிரி இந்த மரத்துல இருந்து அந்த மரத்துக்குப் பாய முடியாது. ஒரு கொப்புல இருந்து கையை எட்டி அடுத்த கொப்பைப் புடிக்கணும், புடிச்சது நல்லா கைக்கு வந்த பெறகு தான் பழைய கொப்பை விடும். நாலு காலுல மூனு காலாவது எப்பவும் எதையாவது புடிச்சிருக்கும்னு எனக்குத் தோணும், உக்காந்து எண்ணிப் பார்த்திருக்கேன். அப்ப ஒரு கொப்புக்கும் அடுத்த கொப்புக்கும் நடுவுல பத்தடி வெட்டவெளி விழுந்துச்சுன்னா அதுக்கு அது ஒரு கண்மாய் அகலம். ஒன்னு அந்தப் பக்கம் போகாமலே இருக்கணும், இல்லாட்டி எறங்கித் தரையில நடக்கணும். தரையில அதோட நடையைப் பார்த்தா பாவமா இருக்கும், நாயிக்கும் டூவீலருக்கும் தப்பிக்கிற நடை இல்ல அது.

சித்திரையில நம்ம அழகர் கள்ளர் வேஷம் போட்டுக்கிட்டு சாயங்காலம் மலையை விட்டுக் கிளம்பி விடிய விடிய மதுரைக்கு நடக்குறாரு. அவருக்கு வழிநெடுக எத்தனை மண்டகப்படி, எத்தனை பந்தல், எவ்வளவு எதிர்சேவை! அதே மலையில இருந்து அதே ராத்திரியில கிளம்புற இதுக்கு நாம வைக்கவேண்டிய மண்டகப்படி ஒரு கிளுவை வேலி தான்.

ஏன் வேலின்னா, இது பெரிய பச்சைக்காட்டு உசுரு இல்ல. அடர்ந்த மழைக்காடு தான் வேணும்னு கேக்குற தேவாங்கு மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கு, நம்ம பக்கத்து வகை முள்ளுக்காட்டுல பொழைக்கிற வகை. வெள்வேல், உசிலை, விடத்தலை, சூரைமுள்ளு, கள்ளி, புளியமரம், இதெல்லாம் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு நிக்கிற எடம் தான் அதுக்கு வீடு. அது மலையடிவாரத்தோட நின்னுக்காம வேலி வழியா நம்ம தோட்டம் வரைக்கும் வருது, ஏன்னா வேலியில தீனி இருக்கு.

தீனின்னா பூச்சி. எறும்பு, கறையான், வண்டு, வெட்டுக்கிளி, விட்டில், சிலந்தி, சமயத்துல ஒரு பல்லி. திண்டுக்கல்லுக்கு வடக்கால அய்யலூர்க் காட்டுல 1990-கள் கடைசியில அன்னா நெகாரிஸ்ன்ற ஆராய்ச்சிக்காரம்மா மாசக்கணக்கா ராத்திரி ராத்திரியா தேவாங்கு பின்னாலயே நடந்து அது தின்னதையெல்லாம் குறிச்சு வச்சாங்க, அதுல 96 சதவீதம் பூச்சி மாதிரி உசுருள்ள தீனி தான், அதுலயும் பெரும்பங்கு எறும்பும் கறையானும். கடிக்கிற எறும்பைக்கூட விடாது. தலையை ஆட்டிக்கிட்டு, எச்சிலை வடிச்சுக்கிட்டு, கஷ்டப்பட்டு முழுங்கும், ஆனா முழுங்கும். அப்புறம் தன்னோட ஒண்ணுக்கையே கையிலயும் காலுலயும் தடவிக்கும். எறும்புக்கடிக்கு மருந்துன்னும் சொல்றாங்க, போற வழியெல்லாம் வாசம் விட்டுட்டுப் போறதுக்குன்னும் சொல்றாங்க. விட்டில் பறந்து வந்துச்சுன்னா பின்னங்காலால கொப்பைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டி அப்படியே கேட்ச் புடிக்கும், பைய பைய நடக்கிற உசுரு அந்த ஒரு நொடில மட்டும் மின்னல்.

இதை வச்சு, தேவாங்கு இருந்தா பூச்சிமருந்துச் செலவு மிச்சம்னு கதை விட நான் வரல. கால் கிலோ உசுரு உங்க கத்திரிக்காய்த் தோட்டத்தைக் காப்பாத்தாது. மாறா நாம அடிக்கிற மருந்து தான் அதோட சோத்துல மண்ணைப் போடுது. சும்மா உண்மையைச் சொல்லிடணும்ல.

பகல்ல அது தூங்குற தூக்கத்தை ஒருதடவை தான் பார்த்தேன். முள்ளு பின்னிக் கிடக்கிற எடத்துல தலையை ரெண்டு தொடைக்கும் நடுவுல சொருகிக்கிட்டு பஞ்சு உருண்டை மாதிரி. ரெண்டு மூனு ஒன்னாச் சேர்ந்து உருண்டையாக் கிடக்கும். குட்டி வயித்துல அஞ்சரை மாசம் இருக்கும், ஒன்னு, மிஞ்சிப் போனா ரெண்டு. கொஞ்சம் வளந்ததும் தாய் பொழுது சாய்ஞ்சதும் குட்டியை ஒரு கொப்புல விட்டுட்டு மேயப் போயிடும், வந்து கூட்டிக்கிடும். அந்தக் குட்டி அந்த எடத்தை விட்டு அங்கிட்டு இங்கிட்டு போகாம இருக்கணும், அந்த எடமும் அங்கேயே இருக்கணும். வருசத்துக்குப் பத்து குட்டி போடுற எலியா இருந்தா நான் இந்தக் கடிதாசி எழுதியிருக்க மாட்டேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

போன வருசம் எங்க பக்கம் ஒரு ஊர்ல (எந்த ஊருன்னு சொல்லல, சொன்னா சண்டை வரும், அது இந்தக் கடிதாசிக்கு வேண்டாம்) சீமைக் கருவேலம் எடுக்க ஜேசிபி வந்துச்சு. நல்ல வேலை தான். சீமைக் கருவேலத்துக்கு வக்காலத்து வாங்குற ஆளு நான் இல்ல, 2017-ல ஐகோர்ட் மதுரைக் கிளையே அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்ட காலத்துல நானும் தான் கூட நின்னு தூரை வெட்டினேன். ஆனா ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடகை, ஆபரேட்டர் தம்பிக்கு எது சீமைக் கருவேல், எது விடத்தலை, எது கிளுவைன்னு நின்னு பார்க்க நேரம் இல்ல, யாரும் கூட நின்னு காட்டவும் இல்ல. கண்மாய்க்கரையில ஆரம்பிச்சு வண்டிப்பாதை வரைக்கும் ரெண்டு பக்க உயிர்வேலியும் சேர்ந்து போச்சு. எங்க தாத்தா காலத்துல போத்து, அதாவது வெட்டின கொப்பை, நட்டு வளத்த வேலி அது, ஒரு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு சாயங்காலம் வெட்டிப்போட்ட முள்ளுக் குமியைச் சுத்தி நாயிங்க கொலைக்குது. போய்ப் பார்த்தா உள்ள ஒன்னு. ஒரு நீளக்குச்சியை நீட்டினேன், யோசிச்சு யோசிச்சு ஏறுச்சு, அப்படியே தூக்கிட்டுப் போய் உசிலை மரத்துல விட்டேன். நாலாம் நாளு தார் ரோட்டுல ஒன்னு நசுங்கிக் கிடந்துச்சு. அதே உருப்படியா வேறயான்னு எனக்குத் தெரியாது. அந்த எடத்துல ரோட்டுக்கு மேல ரெண்டு புளியமரத்துக் கொப்பு முன்னாடி கைகோத்துக்கிட்டு நிக்கும், லாரியில வைக்கோல் இடிக்குதுன்னு அதையும் அந்த மாசம் தான் வெட்டியிருந்தாங்க.

இதுல எவரையும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. வெட்டினவங்க யாருக்கும் அது உள்ள இருக்குன்னே தெரியாது. அதனால தான் எழுதுறேன்.

இன்னொரு பயம் நம்ம ஆளுகிட்ட இருக்கு, அதையும் பேசிடுவோம். தேவாங்கு இருக்குன்னு வெளிய சொன்னா பாரஸ்ட்காரங்க வந்து நிலத்தைச் சுத்திக் கல்லு நட்டுடுவாங்க, ஆடு மேய்க்க விட மாட்டாங்கன்னு. நானும் அப்படித் தான் நெனச்சேன். 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல கடவூர்ல 11,806 ஹெக்டேரை தேவாங்கு சரணாலயமா அரசாங்கம் அறிவிச்சாங்க, இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு வந்த மொத சரணாலயம். அங்க எடுத்தது ஏற்கனவே காப்புக்காடா இருந்த எடத்தைத் தான், யாரோட பட்டாவையும் இல்ல. நான் கேக்குறது சரணாலயம்கூட இல்லைங்கய்யா. வேலி.

தேவாங்கைப் புடிக்கிறது, அடைச்சு வைக்கிறது, விக்கிறது எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணைக் குத்தம், புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, மூனு வருசத்துல இருந்து ஏழு வருசம் வரைக்கும் உள்ள போகணும். இதை கிராமசபையில ஒருதடவை மைக்குல சொல்லிட்டீங்கன்னா போதும். ஏன்னா எங்க கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வர்ற பையன் ஒருத்தன் போன்ல போட்டோ காட்டுறான், அட்டைப்பெட்டிக்குள்ள தேவாங்கு, பக்கத்துல ரெண்டு வாழைப்பழம், ஒரு மூடியில பாலு. ரெண்டு நாளா தொட்டுக்கூட பார்க்கலண்ணேன்றான். பூச்சி தின்ற உசுருக்குப் பாலைக் குடுத்தா எப்படிடா தொடும்? அவனுக்கு அது ஒரு ரீல்ஸ் ஆசை, கெட்ட எண்ணம் இல்ல. அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் போய் புடிச்ச எடத்துலயே விட்டுட்டு வந்தோம். விட்டப்ப அவன் கேக்குறான், இது கடிச்சா விஷமாமே, வீடியோல போட்டிருந்தான்னு. அந்த வீடியோவுல வர்றது வேற இனம், வடகிழக்கு மாநிலப் பக்கம் இருக்கிற குண்டுத் தேவாங்கு, அதுக்குத் தான் விஷம் உண்டு. நம்மது கடிச்சா வலிக்கும், அம்புட்டுத் தான். மாந்திரீகம், மை, கண்ணுக்கு மருந்துன்னு சொல்லி இதைத் தேடி வர்ற வெளியூர்க்காரங்களும் உண்டு, அந்த மாதிரி வண்டி ஊருக்குள்ள நின்னா கேள்வி கேக்க ஊர்த்தலைவர் ஒருத்தர் வாயைத் திறந்தா அது பத்து போஸ்டருக்குச் சமம்.

ஒன்னை மட்டும் கொஞ்சம் உரிமையோட சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சத்தை 2022 நவம்பர்ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சப்ப, அங்க இருக்கிற உசுருன்னு சொன்ன லிஸ்ட்ல அழுங்கும் (எறும்புத்தின்னி) மலைப்பாம்பும் இருந்த மாதிரி தேவாங்கும் இருந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் போனப்ப நாம எல்லாரும் தெருவுக்கு வந்தோம், கிராமசபையில தீர்மானம் போட்டோம், 2025 ஜனவரி 7-ந்தேதி மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்தோம், அந்த மாசம் 23-ந்தேதி ஏலத்தை ரத்துன்னு அறிவிச்சாங்க. எங்க ஊர் மந்தையில பேசினவரு "எங்க மலையில தேவாங்கு இருக்கு, அழுங்கு இருக்கு, அதையெல்லாம் எங்கய்யா கொண்டுபோய் விடுவீங்க"ன்னு கேட்டப்ப நான் கையெடுத்துத் தட்டினேன். டெல்லிக்காரனைப் பார்த்து நாம கேட்ட கேள்வி அது. இப்ப நம்ம ஜேசிபியைப் பார்த்து அதே கேள்வியை யாரு கேக்குறது?

என்ன செய்யலாம்னா, ரொம்ப ஒன்னும் இல்ல. முள்ளு எடுக்கிற வேலை வரும்போது ஊர்ல செடி தெரிஞ்ச ஒரு பெரியவரைக் கூட நிக்க விடுங்க, வேலியில நிக்கிற கிளுவை, உசிலை, விடத்தலைக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுட்டா ஆபரேட்டர் தம்பிக்கும் சுலபம். சீமைக் கருவேலே வேலியா நிக்கிற எடத்துல மட்டும் ஒரே நாள்ல வழிக்காம, பக்கத்துல கிளுவைப் போத்தை நட்டு அது தழைஞ்ச பெறகு எடுங்க, ஏன்னா வேற கதியில்லாம அதுலயும் அது ஏறித் தூங்குது, நானே பார்த்திருக்கேன். பொது எடத்துல கம்பிவேலி போடணும்னா போடுங்க, உயிர்வேலியைப் புடுங்கிட்டுப் போடாம அதுக்கு உள்பக்கமா போட்டுக்கலாம், கல்லுத்தூண் எங்க நின்னா என்ன. ரோட்டு மேல கைகோத்து நிக்கிற கொப்பை வெட்டித் தான் ஆகணும்னா ரெண்டு மரத்துக்கும் நடுவுல லாரிக்கு இடிக்காத ஒசரத்துல கனமான வடக்கயிறு ஒன்னைக் கட்டி விடலாம். மலையோரத்துல இருக்கிற தெருவிளக்கு வெளிச்சத்தைக் காட்டுப் பக்கம் அடிக்காம தெருப்பக்கமா திருப்பி விடச் சொல்லலாம், அது ஒரு ஏணி வேலை. உரசுற கரண்ட் ஒயரைப் பத்தி நான் இங்க எழுதல, அது உங்க கையில இல்லன்னு தெரியும்.

போத்து வேலையை நூறு நாள் வேலையில சேர்த்துக்க முடியுமான்னு பிடிஓ ஆபீஸ்ல ஒருவார்த்தை கேட்டுப் பாருங்க. எங்க ஊர் அப்பத்தாமாருக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, ஒரு கை கனத்துல கொப்பை வெட்டி, ரெண்டு நாள் நெழல்ல போட்டு, மழைக்கு முன்னாடி சாச்சு நட்டு விட்டா தண்ணி ஊத்தாமலே புடிச்சுக்கும். இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுல ஒரு குச்சி ஒடிக்க ஆளுக பயப்படுறாங்க, அங்க சாமி பார்த்துக்குது. கோயில்காட்டுக்கும் மலைக்கும் நடுவுல இருக்கிறதை நாம தான் பார்த்துக்கணும்.

கடைசியா என் சொந்த மனு ஒன்னு. எங்க மோட்டார் ரூம்புக்குப் போற வண்டிப்பாதையில, போன வருசம் ஜேசிபி திரும்புறதுக்காக எடுத்த எடத்துல, பதினாலடி வேலி இல்லாம கிடக்கு. இந்தப் பக்கம் வேலியில ஒன்னு இருக்கு, அந்தப் பக்கம் ஒன்னு இருக்கு, ராத்திரி ரெண்டும் சீட்டி அடிக்கிற மாதிரி கத்திக்கிறது எனக்குக் கேக்குது. பாதை அகலம் பத்தடி இருந்தா டிராக்டருக்குப் போதும், ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு அடி போத்து நட்டு, மேல ஒரு மூங்கிலைக் குறுக்க கட்டி விட்டா ஒரு ரெண்டு வருசத்துல கொப்பு கொப்பைப் புடிச்சுக்கும். போத்து முப்பது ரெடியா வெட்டி வீட்டு நெழல்ல போட்டு வச்சிருக்கேன், ரொம்ப நாள் தாங்காது. எடம் பொறம்போக்குல வருது, நாளைக்கு யாரும் எதுவும் சொல்லிடக்கூடாதுன்னு தான் கேக்குறேன். எங்க ஊர் பொறுப்புல இருக்கிறவங்க இதைப் படிச்சீங்கன்னா சரின்னு ஒரு போன் போடுங்க, நம்பர் உங்ககிட்ட இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமையே நட்டுடுறேன்.

இப்படிக்கு,
மோட்டார் போட ராத்திரி நடக்கிற ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்